லீவுக்கு வாற மருமகனுக்கு

மருமகனே, மார்கழியில சிங்கப்பூர்ல இருந்து குடும்பத்தோட வாறேன்னு உனக்க அம்மைக்கிட்ட போன்ல சொல்லிட்டே. அவ அடுப்புல வச்ச பாலையும் மறந்துட்டு முடுக்கு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா. இனி உனக்க வரவு தெரியாத ஆளு ஊருல ஆருமில்லே. தெரிஞ்சவன் ஒவ்வொருத்தனும் உனக்க பெட்டியில ஆளுக்கொரு மூலையைப் பிடிச்சு வச்சாச்சு. நான் தாய்மாமன். நாலு புத்தி சொல்ல வேண்டியது எனக்க கடமை. கேக்கதும் கேக்காததும் உனக்க பாடு.

திருவனந்தபுரத்துல எறங்கி, களியக்காவிளை தாண்டி, மார்த்தாண்டம் பாலத்துல ஏறி எறங்கி, தக்கலை சுங்கான்கடை வழியா நம்ம முடுக்குல கால வைப்பே. காரை விட்டு எறங்கதுக்கு முன்னயே ஒருத்தன் கேப்பான், "எப்பம் வந்தே?" நீ வாயத் தெறக்கதுக்குள்ள அடுத்ததும் வந்திரும், "எப்பம் போறே?" மனசுல வைக்காதே மக்கா. அவன் உன்னை வெரட்டல்லே, கணக்குப் போடுகான். அந்த ரெண்டு தேதிக்கு நடுவுல அவனுக்க வீட்டுக் கல்யாணமோ பால்காய்ப்போ வருதான்னு பாக்கணும். கைமாத்து கேக்கதுக்கு உனக்க கையில ஈரம் எந்த வாரம் வரைக்கும் நிக்கும்னு பாக்கணும். மொத வாரம் உன்னைத் தேடி வாறவனுக்குக் கணக்கே இருக்காது. நாலாவது வாரம் உன்கிட்ட ஒருத்தனும் கடன் கேக்கமாட்டான். அந்த வாரம் நீ கேப்பே.

பொறவு உனக்க ஒடம்பைப் பத்தின தீர்ப்பு. ஒருத்தன் "மெலிஞ்சு போனியேடே, அங்க சோறு இல்லியா?"ம்பான். அவனுக்க பின்னால வாறவன் "ஊதிப்போனியே, பிரஷர் பாத்தியா?"ம்பான். ரெண்டு பேருக்கும் "ஆமா"ன்னு சொல்லிட்டு நடந்துக்கிட்டே இரி. நின்னு மறுத்தியானா ராகி, எள்ளு, கருப்பட்டின்னு வைத்தியம் ஆரம்பிச்சிரும்.

கோடாலித் தைலம் எத்தன குப்பி கொண்டு வாறே? எத்தன கொண்டு வந்தாலும் ஒரு குப்பி கொறையும். அது எந்த வீட்டுக்குக் கொறையுதோ அந்த வீட்டுல அன்னைக்கே தலைவலி தொடங்கும், அடுத்த லீவு வரைக்கும் தீராது. அதனால முஸ்தபா கடையில வாங்கும்போ பேர் எழுதி எண்ணாதே, வீட்டை எண்ணு, எண்ணிட்டு ரெண்டு கூட்டு. சாக்லேட்டை மொத நாளே பொட்டிச்சிராதே. முடுக்குப் பிள்ளைகள் எல்லாம் மரியாதை உள்ளதுகள்தான், ஆனா சாக்லேட்டு தீருத அன்னைக்கு மாமா முறையும் தீந்திரும். போன தடவை எனக்கு ஒரு சட்டை கொண்டு வந்தே. பூப்போட்டது. நான் அதை ஒரே ஒரு நாள் இட்டுக்கிட்டு சந்தைக்குப் போனேன். தோவாளைப் பூச்சந்தைக்கு வழி மாறி வந்துட்டீரான்னு கேட்டானுவ. இந்த மட்டம் வெறும் வெள்ளைத் துவர்த்து ஒண்ணு போதும். அது இங்க கிடைக்கும், நானே வாங்கிக்கிடுகேன், துட்டு மட்டும் தா.

இனி விசயத்துக்கு வாறேன்.

அங்க இருக்கும்போ "எங்க நாரோயில்ல"ன்னு தொடங்குவியாம், உனக்க கூட்டாளி சொன்னான். இங்க வந்தா "எங்க சிங்கப்பூர்ல"ன்னு தொடங்குகே. ரெண்டு ஊருக்காரனுக்கும் உன்னால நிம்மதி இல்லே. ரோடு எங்க சிங்கப்பூர்ல இப்படி, சாக்கடை எங்க சிங்கப்பூர்ல இப்படி. நாரோயிலு 2019-ல மாநகராட்சி ஆயாச்சு மக்கா. சாக்கடைக்கு இன்னும் யாரும் சொல்லல்லே, அது நகராட்சின்னு நெனச்சுக்கிட்டுதான் கெடக்கு. அதைப் பாத்து நீ மூக்கைப் பொத்துனா ஊரு கோவிக்காது. மூக்கைப் பொத்திக்கிட்டு பிரசங்கம் பண்ணினாத்தான் கோவிக்கும்.

அங்க சாப்பாட்டுக்கடையில எடம் பிடிக்கதுக்கு மேசையில ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வச்சிட்டுப் போனாப் போதும், ஆரும் அந்த நாற்காலியைத் தொடமாட்டான்னு சொன்னே. நாகரிகம்னா அதாக்கும்னு சொன்னே. அதே நாள் வடசேரி பஸ் ஸ்டாண்டுல சன்னல் வழியா துண்டை எறிஞ்சு சீட்டு பிடிச்சவனைப் பாத்துக் காட்டான்னும் சொன்னே. ரெண்டும் ஒரே வித்தைதான்டே. நம்மாளு வீட்டுக்குப் போய் அந்தத் துண்டாலயே தலையும் துவட்டுவான், அது ஒண்ணுதான் வித்தியாசம்.

தின்ன தட்டை அவனவனே எடுத்து வைக்கணும், வைக்காட்டா அபராதம்னு 2021-ல இருந்து அங்க கறாராக்கிட்டாவளாம். நல்ல ஏற்பாடு. அந்தப் பழக்க தோசத்துல போன லீவுக்குக் கல்யாணப் பந்தியில உனக்க இலையை நீயே எடுத்துக்கிட்டு எழும்பினே. செரி, போட்டும். பக்கத்துல இருந்த சம்மந்தகாரருக்க இலையையும் எதுக்கு எடுத்தே? அவரு அடைப்பிரதமனை இன்னும் தொடவே இல்லே. பழத்தைப் பிசைஞ்சு, பப்படத்தை நொறுக்கிப் போட்டு, கையை இறக்கப் போன மனுசன். இன்னைக்கு வரைக்கும் என்னைக் கண்டா வேற வழியாப் போறாரு. இந்தத் தடவை பந்தியில கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. பிரதமன் வரும், அது முடிஞ்சா பயத்தம்பருப்புப் பாயசம் வரும், மோரு வரும். இலையை மடக்கிட்டு எழும்பு. எடுக்கதுக்கு ஆளு உண்டு, அவனுக்க கூலியில கைவைக்காதே.

ரோட்டுல துப்பினா காசு, குப்பை போட்டா காசு, சூயிங்கம் 1992-ல இருந்தே விக்கப்பிடாது. எல்லாம் கேட்டுத் தெரிஞ்சு வச்சிருக்கேன். "மாமா, ஒரு தடவை அங்க வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க"ன்னு கூப்பிடுகியே, அந்தப் பாசத்துக்கு எனக்குக் கண்ணு நெறையுது. ஆனா எனக்க வெத்திலைச் செல்லத்தையும் கூட்டிக்கிட்டுதான் வரணும். ஒரு வாரத்துல உனக்க சம்பளம் தீந்திரும்டே.

தண்ணிக் கதையும் ஒண்ணு உண்டு. போன தடவை உனக்க பெண்டாட்டி எனக்க கெணத்தை எட்டிப் பாத்துட்டு முகத்தைச் சுளிச்சா. பிள்ளைக்குக் கடையில வாங்கின குப்பித் தண்ணி. நான் ஒண்ணும் சொல்லல்லே. பொறவு நம்ம பக்கத்து வீட்டு வாத்தியாரு சொல்லித்தான் தெரிஞ்சது. உங்க தீவுக்குத் தண்ணி மலேசியாவுல ஜொகூர்ல இருந்து கொழாய் வழியா வருது. அது போதாதுன்னு கழிவுத் தண்ணியையே வடிகட்டிச் சுத்தம் பண்ணி, நியூவாட்டர்னு பேருவச்சு, மழை கொறஞ்ச காலத்துல ஏரியிலயும் விடுகாவளாம். புத்தியுள்ள சனங்கதான், குத்தம் சொல்லல்லே. ஆனா அதைக் குடிச்சு வளந்த பிள்ளைக்கு எனக்க கெணத்துத் தண்ணி என்ன செய்யும்? உனக்க பாட்டா தொண்ணூறு வயசுவரைக்கும் இதைத்தான் குடிச்சாரு. சாவுகதுக்கு முந்தின நாளு பிராந்தி கேட்டாரு, அது வேற விசயம்.

பிள்ளை சிங்கப்பூரு கணக்குல இரண்டரை மணிக்கூர் முந்தி எழும்பும். விடியக்காலம் நாலு மணிக்குக் கட்டில்ல எழும்பி உக்காந்து கார்ட்டூன் கேக்கும். திட்டாதே. அந்த நேரத்துல எழும்பி வயலுக்குப் போன ஊருதான் இது. இப்பம் ஊருல அந்நேரம் முழிச்சிருக்கது மார்கழிப் பாட்டுப் போடுக கோயில் மைக்கும் நானும்தான். பிள்ளையை எனக்கிட்ட விடு. அதுக்க தமிழு எனக்குப் பிடிக்கும். அங்க பள்ளிக்கூடத்துல தமிழ் படிக்கா, துட்டு நோட்டுலயே தமிழ்ல "சிங்கப்பூர்"னு எழுதியிருக்குன்னு எடுத்துக் காட்டினா. இங்க உனக்க அண்ணன் மவன் வேனேறி இங்கிலீஷ் மீடியம் போறான். "பாட்டா, எழுபத்தஞ்சுன்னா செவன்ட்டி ஃபைவா?"ன்னு என்கிட்டக் கேக்கான். ரெண்டு பிள்ளையும் ஒண்ணாச் சேந்தா சிங்கப்பூருக்காரிதான் இவனுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கணும். அதைப் பாக்கதுக்கு நான் திண்ணையில எடம் பிடிச்சு வச்சாச்சு, துண்டு போட்டு.

எனக்க புத்திமதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய மருமக்கள்வழி நடப்பு இருந்தா எனக்க சொத்துக்கு நீயாக்கும் வாரிசு. எனக்க மக்களுக்குக் கிடைக்கது கொறச்சல்தான். கேஸு, வக்கீலு, கஞ்சி, கண்ணீருன்னு நாஞ்சில் நாட்டு வீடுகளுக்க கூத்தை எல்லாம் தேரூர்ல பிறந்த கவிமணி பாட்டா எழுதிச் சிரிப்பாச் சிரிக்க வச்சாவ. 1926-ல வெள்ளாளருக்குச் சட்டமும் மாறிச்சு. உனக்கு சொத்தும் போச்சு, எனக்கு உன்னைக் கண்டு பயமும் போச்சு. அதனாலதான் இப்படி மனசுதெறந்து பேசுகேன். பழைய சட்டமா இருந்தா உன்னைப் பாத்ததும் எழும்பி நிப்பேன், இல்லைன்னா கேஸு போட்டிருப்பேன்.

ஏர்போர்ட்டுல மூணு மணிக்கூர் காக்க வச்சுட்டான், பெட்டி பிந்தி வந்துதுன்னு வந்ததும் வராததுமா பொலம்புவியே, அதைக் கடக்கரைப் பக்கம் போனா பேசாதே. அங்க உள்ள பிள்ளைகளும் வெளிநாட்டு வேலைக்குப் போனவனுவதான். உன்னை மாதிரி ஏசி முறியில இல்லே, வளைகுடாக்காரனுக்க படகுல. 2020-ல கொரோனா அடைப்பு வந்தப்பம் ஈரான்ல மீன்பிடிக்கப் போனவனுவ கரையும் இல்லாம கூலியும் இல்லாம மாசக்கணக்குல படகுலயே கெடந்தானுவ. கடைசியில ஐ.என்.எஸ். ஜலாஷ்வான்னு கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸுக்குப் போயி 687 பேரை ஏத்தி, ஜூலை 1-ந் தேதி தூத்துக்குடியில கொண்டு எறக்கிச்சு. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் அதுல நெறைய. அவனுவ கோடாலித் தைலம் கொண்டு வரல்லே. வீட்டுக்காரி வாசல்ல நின்னு "எப்பம் போறே?"ன்னு கேக்கவும் இல்லே.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ந் தேதி முடிஞ்சிரும், நீ வரும்போ பந்தலைப் பிரிச்சிருப்பானுவ. அவரும் உன்னை மாதிரி ஆசியா முழுக்கச் சுத்தினவருதான். இந்தக் கரையில நடந்தாவ, மலாக்கா போனாவ, ஜப்பான் போனாவ, 1552-ல சீனாவுக்குப் பக்கத்துல ஒரு தீவுல கண்ணை மூடினாவ. பெறந்த ஊருக்கு ஒரு தடவைகூட லீவு கிடைக்கல்லே. உனக்கு வருசா வருசம் கிடைக்கு. அதுலயும் பாதி நாளு மாலுக்குப் போறே. கன்னியாகுமரியில கண்ணாடிப் பாலம் தெறந்தாச்சு, 77 மீட்டரு, பாத்துட்டு வா. திருவள்ளுவருக்கும் விவேகானந்தருக்கும் நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்கோ. அது முடிஞ்சாவது வீட்டுல இரி.

வீடுன்னு சொன்னதும் ஞாபகம் வந்துது. எந்த வீட்டுல இருப்பே?

பச்சை பாக்கணும், பிள்ளைக்கு வயலைக் காட்டணும்னு அம்மைக்கிட்டச் சொல்லியிருக்கியாம். சின்ன வயசுல ஓடி விளையாண்ட வயல் பத்து எங்கேன்னு போன தடவையே என்கிட்டக் கேட்டே. நான் உன்னை உனக்க புது வீட்டு வாசல்ல கொண்டு நிறுத்தினேன். உனக்குப் புரியல்லே. அந்த மார்பிள் தரைக்கு அடியிலதான் கெடக்குடே. பத்து சென்ட், உனக்க துட்டு, உனக்க பேருல பத்திரம். செம்மண்ணு லாரி எத்தன நடை வந்துதுன்னு நான் திண்ணையில இருந்து பாத்தேன். வாசல்ல வளைவு வச்சு ஏதோ நகர்னு பேரு எழுதியிருக்கானுவ. வித்தது ஆருன்னு என்கிட்டக் கேக்காதே. வாங்கினவனும் நம்மாளு, வித்தவனும் நம்மாளு, நடுவுல நின்ன புரோக்கருக்கு மட்டும் ரெண்டு பக்கத்துலயும் துட்டு.

தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேந்த இந்தக் கொறச்சு மண்ணுதான் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக்கே சோறு போட்டுது. பேச்சிப்பாறை அணையை 1906-ல கட்டி முடிச்சாவ. அந்தத் தண்ணி வந்து குளம் குளமா நெறைஞ்சு, ஒரு குளத்து மிச்சம் அடுத்த குளத்துக்குப் போயி, கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகம் வெளைஞ்சுது. குளமும் கால்வாயும் வயலும் ஒரே குடும்பம். நடுவுல ஒருத்தனைப் பிடிச்சு அடைச்சா மத்தவன் எங்க போவான்? 2021 நவம்பர்ல பெய்த மழையில உனக்க நகருக்குள்ள தண்ணி ஏறிச்சுல்லா. நீ அங்க இருந்து வீடியோ கால்ல கூப்பிட்டு, "மாமா, இவ்வளவு துட்டு செலவு பண்ணிக் கட்டியிருக்கு, தண்ணி எதுக்கு வீட்டுக்குள்ள வருது?"ன்னு கத்தினே. அதுக்கு நான் என்ன சொல்ல? அதுவும் லீவுக்குச் சொந்த ஊரைப் பாக்க வந்துது மருமகனே. பழைய எடம் எங்கேன்னு தேடிட்டு, உன்னை மாதிரியே வாசல்ல நின்னு முழிச்சுது.

உங்க தீவுல ஒரு நெல்லு வெளையல்லேல்லா. தாய்லாந்து அரிசி, வியட்நாம் அரிசி, இந்தியா அரிசி. ஆனா அரிசி கொண்டு வாற வியாபாரி ரெண்டு மாசத்து இருப்பு எப்பமும் கையில வச்சிருக்கணும்னு அங்க ஏற்பாடு உண்டாம், வாத்தியாரு சொன்னாரு. வெளையாத ஊருக்காரனுக்கு அந்தப் பயம் இருக்கு. வெளைஞ்ச ஊருக்காரன் நாம என்ன செய்தோம்? நம்ம வீட்டு அரங்குல ஒரு பத்தாயம் கெடந்துதே, நீ ஒளிஞ்சு விளையாடி உள்ள உறங்கிப்போயி ஊரே உன்னைத் தேடிச்சே, அது இப்பம் எங்க இருக்கு தெரியுமா? கேரளாவுல ஏதோ ஒரு ரிசார்ட்டுல. பழைய சாமான் எடுக்கவன் வந்து தேக்குப் பலகையைத் தட்டித் தட்டிப் பாத்து வாங்கிட்டுப் போனான். அது மேல இப்பம் கண்ணாடியை வச்சு வெள்ளைக்காரன் காப்பி குடிக்கானாம். நெல்லு இல்லாத வீட்டுல பத்தாயம் எதுக்குன்னு உனக்க அம்மையே சொன்னா. சொல்லிட்டு அன்னைக்கு அவ சாப்பிடல்லே.

அவளும் அந்த மார்பிள் வீட்டுல உறங்குகதில்லே, நீ தெரிஞ்சுக்கோ. காலையில போயித் தூத்து, சாமிக்கு விளக்கு வச்சு, பூட்டிட்டு வந்திருவா. மழைக்காலத்துல தரை வழுக்குகுன்னு பயம். பழைய வீட்டுப் படிப்புரையிலதான் கெடை. நீ வாற வாரம் மட்டும் அங்க உறங்குகதா நடிப்பா. நீயும் கண்டுபிடிக்காதது மாதிரி நடிச்சிரு.

இனி பிள்ளைக்கு வயல் காட்டுக காரியம். கொஞ்சம் மிச்சம் கெடக்கு, பழையாத்துப் பக்கமா. ஆனா நீ வாறது மார்கழியில. நடுகை பாக்கணும்னா ஐப்பசியில வந்திருக்கணும், அறுப்பு பாக்கணும்னா மாசியில வரணும். மார்கழியில பயிரு சும்மா நிக்கும், வேலை ஒண்ணும் இருக்காது. போட்டோவுக்கு அதுதான் பாகம், உனக்கு அது போதும்னா வரப்புல நடக்கலாம். சேத்துல இறங்கி நாத்து நடுகது மாதிரி பிள்ளையை நிறுத்தி வீடியோ எடுக்காதே. நிக்க பயிரைப் பிடுங்கி மறுபடியும் நட்டுக் காட்டினான்னு ஊரு சிரிக்கும். போன வருசம் ஒருத்தன் செய்தான், துபாய்க்காரன்.

திரும்பிப் போகும்போ ஏத்தங்காய் உப்பேரி, சர்க்கரை உப்பேரி, முந்திரிக்கொத்துன்னு அம்மை கட்டித் தருவா. எடை கூடிப்போச்சுன்னு ஏர்போர்ட்டுல வச்சு எடுத்து வெளியே போடாதே, சட்டையை எடுத்துப் போடு. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துப் பொடிக்கதுல இருந்து பாகு பிடிக்க வரைக்கும் அவ ஆருக்கும் விட்டுக்குடுக்கமாட்டா, ரெண்டு நாளு இடுப்பு வலிக்கும். அதை அங்க உனக்க ஆபீஸ்ல சீனாக்காரனுக்குக் குடுத்தியாமே, அவன் கல்லுன்னு நெனச்சுப் பேப்பருக்கு மேல வச்சானாமே. கடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடே குடுக்கே?

இந்த மட்டம் மார்கழிக்கே வா, டிக்கெட்டு எடுத்தாச்சு, என்ன செய்ய. சுசீந்திரம் தேரு பாப்போம், கயித்துல ஒரு கை வச்சிட்டு வருவோம். அடுத்த தடவை மாசிக்கு வா, கூட்டமில்லாத காலம், ஒருவேளை டிக்கெட்டும் கொறவா கிடைக்கும். கும்பப்பூ அறுப்புக்கு ஆளு கிடைக்கல்லே, மிசின்காரன் மணிக்கூருக்கு வாடகை கேக்கான், வரப்புல அவன்கூட நிக்க நம்பிக்கையான ஒரு ஆளு வேணும். சும்மா வேண்டாம், கூலி உண்டு. சிங்கப்பூர் வெள்ளி என்கிட்ட இல்லே, நெல்லாத் தருவேன். கொட்டி வைக்கதுக்கு எடம் உனக்க மார்பிள் வீட்டுல வேண்டிய மட்டும் கெடக்கு. சாக்கு மட்டும் நீ கொண்டு வா.